எந்தச் சரிவில் வெயில் அதிகம்?

கத்திரி வெயில் நாட்களில் காஞ்சிபுரத்தில் உச்சிப் பொழுதின் நிழல் தெற்குப் பக்கம் விழும். சூரியன் அப்போது ஊரின் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே நகரும் சூரியன், ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்பித் தெற்கே இறங்குகிறது. இடைப்பட்ட நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம் முழுக்க, நடுப்பகலில் வீட்டின் வடக்குச் சுவர்தான் வெயிலை வாங்குகிறது. 10 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் ஒன்று இருந்தால் டிசம்பர் 21 உச்சியில் அதன் நிழல் வடக்கே 7.3 மீட்டர் நீளும். ஜூன் 21 உச்சியில் தெற்கே 1.9 மீட்டர்தான்.

சமவெளியில் இதனால் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடாது. தரை மட்டமாக இருப்பதால் சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வயலும் தெருவும் ஏறக்குறைய ஒரே அளவு வெயிலைத்தான் பெறுகின்றன. காஞ்சிக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போய் ஜவ்வாது மலை ஏறினால் நிலைமை வேறு. அங்கே வைணு பாப்பு வானோக்ககம் இருக்கும் காவலூர் 12 பாகை 34 கலை வடக்கில் இருக்கிறது. காஞ்சி 12 பாகை 50 கலையில். சூரியனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஊர் மாதிரிதான். ஆனால் ஜவ்வாதின் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சாமை வயலும் அந்தப் பக்கம் இருக்கும் வயலும் ஒரே நாளில் ஒரே அளவு வெயிலைப் பெறுவதில்லை. இந்த வேறுபாட்டை ஆள்வது எது, நம் மலைகளில் அது எப்படி வேலை செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகின்றன: தெற்குச் சரிவு வெயில் சரிவு, வடக்குச் சரிவு நிழல் சரிவு. அந்தப் பதில் குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. நம் மலைகளுக்கு அது பொருந்தும் இடம் எது, பொருந்தாத இடம் எது என்று யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

தரைக்கு ஒளி மூன்று வழியாக வருகிறது. சூரியனிலிருந்து நேரே வரும் கதிர் முதலாவது. காற்றிலும் மேகத்திலும் சிதறி வானம் முழுவதிலிருந்தும் இறங்கும் ஒளி இரண்டாவது. எதிரே உள்ள சரிவில் பட்டுத் திரும்பும் ஒளி மூன்றாவது. பனி மூடிய இமயத்தில் மூன்றாவதும் பெரிய விஷயம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். புல்லும் தேயிலையும் காடும் போர்த்திய நம் மலைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திருப்புவதில்லை. ஆகவே இங்கே நேர்க்கதிரையும் வானத்து ஒளியையும் கவனித்தால் போதும்.

நேர்க்கதிர் சரிவோடு செய்யும் கணக்கு எளியது. கதிர் செங்குத்தாக விழுந்தால் முழு வலிமை. சாய்ந்து விழுந்தால் அதே ஒளி அதிக இடத்தில் பரவி மெலிகிறது. காஞ்சியின் அட்சரேகையில் 30 பாகை சாய்வுள்ள ஒரு மலையை எடுத்துக்கொள்வோம். வானம் தெளிவாக இருக்கும் டிசம்பர் 21 உச்சிப் பொழுதில், கதிரின் முழு வலிமையை 100 என்று வைத்தால் சமதரைக்குக் கிடைப்பது 81. தெற்குச் சரிவுக்கு 99. வடக்குச் சரிவுக்கு வெறும் 40. அதாவது ஒரே முகட்டின் இரு பக்கங்களுக்கு இடையே இரண்டரை மடங்கு வித்தியாசம். ஜூன் 21-க்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது: வடக்குச் சரிவுக்கு 94, தெற்குச் சரிவுக்கு 76. வித்தியாசம் டிசம்பர் அளவுக்கு இல்லை, ஆனாலும் திசை மாறிவிட்டது.

இமயத்தில் இந்தத் தலைகீழ் ஒருபோதும் நிகழாது. கடகரேகைக்கு வடக்கே, அதாவது 23.4 பாகைக்கு அப்பால், ஆண்டின் எந்த நாளிலும் உச்சிச் சூரியன் தெற்கில்தான் இருக்கும். 34 பாகையில் இருக்கும் லேயில் ஜூன் 21 அன்றும் சூரியன் உச்சிக்குத் தெற்கே பத்துப் பாகைக்கு மேல் தாழ்ந்தே நிற்கிறது. அதனால்தான் இமாச்சலத்துப் பள்ளத்தாக்குகளில் வடக்குச் சரிவில் தேவதாருக் காடும், எதிரே தெற்குச் சரிவில் காய்ந்த புல்லும் படிக்கட்டு வயல்களும் கோடு போட்டாற்போலப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். பாடப்புத்தக விதி அங்கே கண்ணால் காணக்கூடிய உண்மை. கன்னியாகுமரியிலிருந்து திருத்தணி வரை தமிழ்நாட்டு மலைகள் எல்லாமே கடகரேகைக்கு வெகு தெற்கே இருக்கின்றன. வடக்கே இருந்து விதியை அப்படியே இறக்கிக் கொண்டுவந்தால் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு தவறிப்போகும்.

அடுத்தது தொடுவானம். காஞ்சியில் பட்டு நெசவாளர்கள் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டுகிறார்கள். கஞ்சி போட்டு, இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். ஈரம் போக இளவெயில் வேண்டும். உச்சிவெயில் பட்டால் நூல் விறைத்துப்போகும். மட்டமான ஊரில் சூரியன் உதித்ததும் அந்த வெளிச்சம் தெருவுக்கு வந்துவிடுகிறது. இதே தெரு, கிழக்கே 10 பாகை உயரத்துக்கு மலை மறைக்கும் ஒரு பள்ளத்தாக்கில் இருந்தால், மார்ச் அல்லது செப்டம்பர் மாதத்தில் முதல் கதிர் சுமார் 41 நிமிடம் தாமதித்தே வரும். மேற்கிலும் அதே உயரத்தில் மலை இருந்தால் மாலையிலும் அதே அளவு போகும். திருவண்ணாமலையில் கோயிலும் பழைய ஊரும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. மாலையில் சமவெளிக் கிராமங்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலை நிழல் அடிவாரத்தை எட்டிவிடும்.

ஆனாலும் நமக்கு இந்த இழப்பு குறைவுதான். வெப்பநாடுகளில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுகிறது, நெட்டுக்குத்தாக விழுகிறது. 60 பாகை வடக்கில் அது தொடுவானத்தை ஒட்டிச் சாய்ந்து ஏறுவதால் அதே 10 பாகை மலை 80 நிமிடத்தை விழுங்கும். நார்வேயின் ரியூக்கன் நகரம் அந்த அட்சரேகையில்தான் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் அங்கே உச்சிச் சூரியனே 7 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மலை அதை முற்றிலும் மறைத்துவிட, செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஊருக்கு நேர்வெயிலே கிடையாது. 2013-இல் மலைமேல் பெரிய கண்ணாடிகளை நிறுத்திச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். இத்தாலியின் விகனெல்லா கிராமம் அதற்கு ஏழாண்டு முன்பே, 2006-இல், அதைச் செய்துவிட்டது. தமிழ்நாட்டு மலையூர் எதற்கும் அப்படிக் கண்ணாடி வைக்க வேண்டிய நிலை வராது. நம் பள்ளத்தாக்குகள் காலையும் மாலையும் கொஞ்சம் இழக்கின்றன, உச்சிப்பொழுதை இழப்பதில்லை.

உயரத்தின் கதையில் பலரும் குழம்புவது உண்டு. ஊட்டி குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே வெயிலும் மென்மையானது என்று நினைக்கிறோம். உண்மையில் மலைமேல் விழும் நேர்க்கதிர் சமவெளியைவிடக் கடுமையானது. ஜெனீவாவின் ஒராஸ் பெனடிக்ட் தெ சோசூர் 1767-இல் கண்ணாடி மூடியிட்ட சூட்டுப்பெட்டி ஒன்றைச் செய்தார். பிறகு அதை ஆல்ப்ஸின் கிராமோன் மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சுற்றியிருந்த காற்று சமவெளியைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்தும் பெட்டிக்குள் ஏறிய சூடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குளிர்ச்சி காற்றில்தான் இருக்கிறது, கதிரில் இல்லை என்பதை அந்தப் பெட்டி காட்டியது. 1881-இல் அமெரிக்கர் சாமுவேல் லாங்லி கலிபோர்னியாவின் விட்னி மலைக்குக் கருவிகளோடு ஏறியதும் காற்று எவ்வளவு கதிரைத் தின்கிறது என்று பார்க்கத்தான்.

வளிமண்டலத்தின் மேல்முனையில் சதுர மீட்டருக்கு 1,361 வாட் அளவில் வரும் கதிர், தெளிந்த நடுப்பகலில் கடல்மட்டத்தை எட்டும்போது ஏறத்தாழ 1,000 வாட்டாகிறது. 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் வானோக்ககத்தில் நிற்பவருக்குக் காற்றுமண்டலத்தின் நிறையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காலடியில் போய்விடுகிறது. நீராவியிலும் தூசியிலும் பாதிக்கு மேல் கீழேயே தங்கிவிடுகிறது. கதிரைத் தடுப்பவை குறைந்துபோவதால் வானம் அங்கே ஆழ்ந்த நீலமாகவும் நிழல் கருமையாகவும் இருக்கிறது. புற ஊதாக் கதிரோ ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. மலைச் சுற்றுலாவுக்குப் போனவர்கள் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தும் மூக்கும் கன்னமும் கருத்துப்போய்த் திரும்புவதற்கு இதுதான் காரணம். மலையில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்களின் தோலையும் கண்ணையும் பற்றி நாம் போதிய அக்கறை காட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தெளிந்த வானத்தின் கணக்கு. ஆனால் நம் மலைகள் தெளிந்த வானத்தை வைத்திருப்பதில்லை. மலை தானே மேகத்தை உண்டாக்குகிறது. காலை வெயிலில் சரிவு சூடேறியதும் அதை ஒட்டிய காற்று மேலே ஏறும். ஏறிய காற்று குளிர்ந்து, முற்பகலுக்குள் முகட்டில் மஞ்சு கட்டும். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்து விளிம்பைப் பார்க்கப் போகிறவர்களைக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்ச் சேரச் சொல்வது இதனால்தான். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கு வெண்மேகத்தில் மூழ்கிவிடும்.

கொடைக்கானலில் சூரியனைப் பார்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானோக்ககத்தின் வேலை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலைக்கு மாறியது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசை உலுக்கியிருந்தது. சூரியனை நாள்தோறும் பார்க்க ஏற்ற இடத்தைத் தேடிய வானியலாளர் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899-இல் வானோக்ககம் அங்கே நிலைகொண்டது. எந்த மலையில் எவ்வளவு வெயில் தேறும் என்று தமிழ் நிலத்தில் முறையாகக் கேட்கப்பட்ட முதல் கேள்விகளில் ஒன்றாகவே அந்தத் தேர்வை நான் பார்க்கிறேன். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது இங்கேதான். அங்கே நல்ல படம் தேறுவது அதிகாலையில், தரை சூடேறிக் காற்று அலைக்கழிக்கத் தொடங்கும் முன். சூடேறும் தரையைத் தவிர்க்க உதய்பூரில் 1970-களில் சூரிய வானோக்ககத்தைப் பதே சாகர் ஏரியின் நடுத் தீவிலேயே வைத்துவிட்டார்கள்.

காலை தெளிவு, பிற்பகல் மேகம் என்ற இந்த ஒழுங்கு கிழக்குச் சரிவையும் மேற்குச் சரிவையும் பிரித்துவிடுகிறது. தெளிந்த வானத்தில் இரண்டுக்கும் ஒரு நாளின் மொத்த வெயில் சமம்; ஒன்று காலையில் வாங்குகிறது, மற்றது மாலையில். பிற்பகலில் மேகம் சேரும் மலையில் மேற்குச் சரிவு தன் பங்கை இழக்கிறது. கிழக்குச் சரிவு முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டது.

பருவமழைதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறும்போது குந்தாவும் அவலாஞ்சியும் வால்பாறையும் நாள்கணக்கில் மேகத்துக்குள் கிடக்கின்றன. அதே நாட்களில் மலைக்கு இந்தப் பக்கம் இறங்கிய காற்று உலர்ந்துபோய், உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டே வெயிலையும் விடுகிறது.

சூரியன் வடக்கே நின்று வடக்குச் சரிவுக்குச் சாதகமாக இருக்கும் காலம் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. அதில் பெரும்பகுதி மேற்கு மலைகளில் மேகக் காலம். மேகத்துக்குள் நேர்க்கதிர் இல்லை. வானம் முழுவதிலிருந்தும் வரும் சிதறல் ஒளிக்குச் சரிவின் திசை பெரிதல்ல. ஆக வடக்குச் சரிவுக்கு வர வேண்டிய லாபம் கைக்கு வருமுன்பே கரைந்துவிடுகிறது. மாறாக, வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருக்கும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சூரியன் தெற்கில் இருக்கிறது. அந்த மாதங்களில் தெற்குச் சரிவு முழு லாபத்தையும் அள்ளிக்கொள்கிறது. கூட்டிக் கழித்தால் நீலகிரியின் மேற்குப் பகுதியிலும் ஆனைமலையிலும் தெற்குச் சரிவே வெயில் சரிவாக நிற்கும். பாடப்புத்தகத்தின் விதி அங்கே சரிதான், காரணம்தான் வேறு. இமயத்தில் சூரியன் நின்ற இடம் தீர்மானித்ததை இங்கே மேகம் வந்த மாதம் தீர்மானிக்கிறது.

அப்படியானால் தென்மேற்குப் பருவத்தின் முழு வீச்சும் படாத ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கொல்லி மலைகளில் என்ன ஆகும்? ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அங்கே வெயில் காய்கிறது. ஜூன், ஜூலையில் முற்பகல் பெரும்பாலும் திறந்திருக்க, மாலையில் இடிமழை வருகிறது. வடக்குச் சரிவின் லாபம் இங்கே அப்படிக் கரைந்துபோவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தின் மேகம், சூரியன் தெற்கே போன பிறகு, தெற்குச் சரிவின் பங்கைக் குறைக்கிறது. ஆக, கிழக்கு மலைகளில் இரு சரிவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் மேற்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள், ஒரே அட்சரேகையில், இரண்டு வெவ்வேறு விதிகள் என்பது என் வாதம்.

வெயில் வராத நேரத்துக்கும் மலைவடிவம் பொறுப்பு. டிசம்பர், ஜனவரியில் உதகையைச் சுற்றித் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழுகிறது. மேகமற்ற இரவில் புல்தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கும். சரிவில் குளிர்ந்து கனத்த காற்று வழிந்து பள்ளத்தில் தேங்கும். காலையில் கிழக்கு முகடு சூரியனை மறைப்பதால் பள்ளத்துக்கு விடிவது தாமதம். மேட்டில் வெயில் அடிக்கும்போதும் பள்ளத்துப் புல்லில் வெள்ளை படிந்திருப்பதைப் பார்க்கலாம். உதகை தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளின்மேல் கோத்தகிரி மிலார்ச் செடிகளை வெட்டிக் கொண்டுவந்து மறைப்புக் கட்டுவார்கள். அந்த மறைப்பு இரவில் நாற்றின் சூடு வானத்துக்குப் போவதைத் தடுக்கிறது. காலையில் உறைந்த இலைமேல் சுளீரென வெயில் விழாமலும் காக்கிறது.

இந்த இரண்டாவது வேலையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். இரவுக் குளிரில் முடங்கிய இலையால் வெயிலைப் பயன்படுத்த முடிவதில்லை. வாங்கிய ஒளியே அதைக் கெடுக்கிறது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மேரிலின் பால் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், பனி யூகலிப்டஸ் நாற்றுகள் தாய்மரத்தின் நிழல் பக்கத்தில் நன்றாக வளர்வதும், காலை வெயில் நேரே படும் இடத்தில் தளர்வதும் தெரியவந்தது. நம் சோலைக்காடுகள் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒடுங்கியிருக்க, வெட்டவெளிச் சரிவுகளில் புல் மட்டும் நிற்பது ஏன் என்ற பழைய விவாதத்துக்கு இது நேரே தொடர்புள்ளது. சி.ஆர். ரங்கநாதன் 1938-லேயே நீலகிரிச் சோலை மரக்கன்றுகள் புல்வெளிக்குள் பரவாததற்கு உறைபனியைக் காரணமாகச் சுட்டினார். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்பவர்களும் உண்டு. பனியையும் அதற்கு அடுத்து வரும் காலை வெயிலையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சோலை மீட்பு வேலையில் கன்று நடுகிறவர்கள் குழி தோண்டுமுன் அந்த இடத்தில் ஜனவரிக் காலையில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு வேறுபாட்டையும் நாம் அளக்கிறோமா என்றால், மிகக் குறைவாகத்தான். சென்னையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சூரியக்கதிர் அளவீட்டுத் திட்டம் 2011-இல் நாடு முழுக்க 51 நிலையங்களோடு தொடங்கியது. பெரிய சூரிய மின்நிலையங்களுக்கு இடம் தேடுவதே அதன் நோக்கம் என்பதால் மட்டமான, திறந்த வெளிகளையே அது நாடியது. 648 மெகாவாட் கமுதி நிலையம் போன்றவை அமைவதும் அப்படிப்பட்ட நிலத்தில்தான். உலக வானிலைத் தரவுத்தொகுப்புகளில் ஒரு கட்டம் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் 300 சொச்சம் மீட்டர் உயர மேட்டுப்பாளையமும் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகையும் அடங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே எண்ணைத் தரும் தரவை வைத்துக்கொண்டு மலை விவசாயிக்கு யாரும் யோசனை சொல்ல முடியாது.

நிலவடிவம் இப்போது குறையில்லாமல் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் விண்ணோடம் எடுத்த உயர அளவீடுகள் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் பொதுவில் இருக்கின்றன. 2005-இல் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1 தந்தவையும் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தொடுவானம் எவ்வளவு உயரம், வானத்தில் எத்தனை பங்கு தெரிகிறது, எந்த நாளில் எந்த நிமிடம் நிழல் விலகும் என்பதைச் சாதாரணக் கணினியே கணக்கிட்டுவிடும். இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. சாய்வும் மறைப்பும் இன்று தீர்ந்த கணக்குகள், தீராதது மேகம். எந்தச் சரிவில், எந்த மணிக்கு, எந்த மாதத்தில் அது சேருகிறது என்பதைத் தரையில் கருவி வைத்தால்தான் அறிய முடியும்.

அதுவரை மலையூர்களில் கூரைமேல் சூரியத் தகடு பொருத்துகிறவர்களாவது சமவெளி வழக்கத்தை அப்படியே பின்பற்றாமல் இருக்கலாம். காஞ்சியில் தெற்கு பார்த்து 10, 13 பாகை சாய்த்து வைப்பது சரியான வழக்கம். பிற்பகல் மேகம் சேரும் கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ, கிழக்கே பெரிய முகடு மறைக்காத வீடாக இருந்தால், தகட்டைச் சற்றுத் தென்கிழக்காகத் திருப்புவது லாபம். கிழக்கில் மலை மறைக்கிற வீட்டுக்கு அந்த யோசனை ஆகாது.

மேகக் கணக்கைத் தொடங்கப் பெரிய செலவும் இல்லை. ஜவ்வாது மலையில் ஒரு முகட்டைத் தேர்ந்து, வடக்குச் சரிவில் ஒன்று, தெற்கில் ஒன்று, கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொன்று என நாலு கதிர்மானிகள். கீழே பாலாற்றுச் சமவெளியில், காஞ்சிபுரம் பக்கம், ஒப்பிட ஐந்தாவது. மணிக்கணக்கு அளவை ஓராண்டு சேர்த்தால் போதும். இதே ஏற்பாட்டைக் குந்தாவில் ஒரு முகட்டிலும் செய்தால், கிழக்கு மலைக்கும் மேற்கு மலைக்கும் விதி வேறு என்ற மேற்சொன்ன வாதம் நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலும் வேலூர், திருப்பத்தூர் கல்லூரிகளிலும் இயற்பியலும் புவியியலும் படிக்கும் மாணவர்கள் பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில்தான் ஜவ்வாது மலை இருக்கிறது.